ஒரு பேஸ் கிட்டார், இரண்டு ஆம்ப்: ஒய் கேபிளா, ஏபிஒய் பெட்டியா?

ஒரே பேஸ் கிட்டாரை ஒரே நேரத்தில் இரண்டு ஆம்பில் வாசிக்க, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போதுமா, இல்லை ஒரு ஆம்புக்கோ இரண்டுக்குமோ காலால் மாற்றி அனுப்பும் ஏபிஒய் பெட்டி வேண்டுமா? செலவு மட்டும் பார்த்தால் ஒய் கேபிள்தான். பேஸ் பக்கம் ஒரு பிளக், ஆம்ப் பக்கம் இரண்டு. சால்டரிங் தெரிந்தால் அரை மணி நேர வேலை. கோயம்புத்தூரில் என் மொட்டை மாடி அறையில் ஒரு வருடம் இதை வைத்தே ஓட்டினேன். கொஞ்சம் ட்ரெபிள் (கீச்சு ஒலி) குறையும். ஏனென்றால், 1 மெகாஓம் ஆம்ப் இன்புட் இரண்டு பேரலலாகச் சேர்ந்தால், கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்புக்கு 500 கிலோஓம்தான் தெரியும். பேஸுக்கு அது பெரிய நஷ்டமில்லைங்க.

சிக்கல் வந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒரு ஆம்ப் மேடை பிளக்கில், இன்னொன்று சமையல்கட்டுப் பக்கம் இருந்து இழுத்த ஒயரில். நாதஸ்வரம் நின்ற நொடியில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். இரண்டு எர்த்தும் கேபிளின் ஷீல்டு (வெளிப்பின்னல் கம்பி) வழியாக வளையமாகிவிட்டன. எர்த் பின்னைக் கழற்றச் சொன்னார் ஒருவர். உயிருக்கே ஆபத்து, வேண்டவே வேண்டாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியதும் முக்கால்வாசி அடங்கியது.

ஏபிஒய் பெட்டியில் ஒரு அவுட்புட்டுக்காவது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி ஒயர் இணைப்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) இருந்தால் அந்த வளையமே அறுந்துவிடும். சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சும் இருக்கிறதா பாருங்கள். இரண்டு ஆம்பின் ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளினால் கனமான கீழ் ஒலியே காணாமல் போகும், சுவிட்சைத் தட்டினால் திரும்பி வரும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவுப் பெட்டி வெறும் காலால் அழுத்தும் சுவிட்சுதான். அதற்கு ஒய் கேபிளே போதும்.

அப்புறம், ஸ்டீரியோ அவுட்புட் (இரண்டு அவுட்புட்) உள்ள கோரஸ் எஃபெக்ட் பெடல் ஏற்கெனவே கையில் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் போகாது, ஆனால் சிக்னல் பிரிந்துவிடும்.