45 நிமிஷ பீரியடா, 90 நிமிஷ பிளாக்கா? ஆறாவது முதல் எட்டாவது வரை எது சரிப்படும்

ஆறு, ஏழு, எட்டாவதுக்கு வருஷத்துக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரம் பாடம்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. வகுத்துப் பாத்தா நாளுக்கு நாலரை மணி நேரம். இத நம்ம ஊர் வழக்கப்படி 45 நிமிஷமா ஆறு துண்டு போடலாம், இல்ல அமெரிக்கால நிறைய ஸ்கூல்ல பண்ற மாதிரி 90 நிமிஷ பிளாக் மூணு போட்டு ஒவ்வொரு பாடத்தையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடத்தலாம்.

சயின்ஸ எடுத்துக்கோங்க. டீச்சர் வந்து, சத்தத்த அடக்கி, பசங்கள வரிசையா லேபுக்கு கூட்டிட்டுப் போய் லிட்மஸ் தாள கையில குடுக்குறதுக்குள்ள பாதி பீரியட் காலி, எலுமிச்சை சாறுல நீலம் சிவப்பாச்சுனு பாத்த உடனே பெல் அடிச்சுரும், ஏன் மாறுச்சுனு பேச நேரமே இருக்காது, மறுநாள் கேட்டா கலர் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இங்க பிளாக் தான் ஜெயிக்குது, சந்தேகமே இல்ல.

கணக்குக்கு அப்படியே உல்டா. மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்ங்கறது தினம் நாலு கணக்கு போட்டாதான் கைக்கு வரும். பிளாக்ல திங்கள் நடத்துனா அடுத்தது புதன், அன்னைக்கு பையன் காய்ச்சல்னு லீவு போட்டா நேரா வெள்ளிதான், விட்டுப்போனது ரெண்டு பீரியட் பாடம்.

அப்புறம் 90 நிமிஷமும் ஒரே லெக்சர்னா பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு அது தண்டனை. கொஞ்சம் பேசி, கொஞ்சம் செய்ய விட்டு, கொஞ்சம் எழுத வைக்கணும், அதுக்கு டீச்சர் வீட்டுல உக்காந்து தயார் பண்ணணும். எமிஸ்ங்கற பள்ளிக் கல்வித்துறை வெப்சைட்ல டேட்டா ஏத்தவே நேரம் போற நடுநிலைப் பள்ளில இது எத்தன பேருக்கு முடியும்?

பி.டி பீரியட் கதை தனி. கணக்கு சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் கடன் வாங்காதீங்கனு உதயநிதி விளையாட்டுத்துறை அமைச்சரா சட்டசபையிலயே சொன்னாரு, பிளாக்ல அந்த கடன் ஒரே அடில வாரத்து விளையாட்டையே முழுங்கிரும்.

என்னக் கேட்டா முழு பிளாக் வேண்டாம். கணக்கும் மொழிப்பாடமும் தினம் 45 நிமிஷமாவே இருக்கட்டும், சயின்ஸுக்கு மட்டும் வாரத்துல ஒரு நாள் ரெண்டு பீரியட சேத்துப் போட்டா போதும். லேப் ஒண்ணுதான் இருக்குன்னா ஏ செக்‌ஷனுக்கு செவ்வாய், பி செக்‌ஷனுக்கு வியாழன். டைம்டேபிள் போடுற சார் அந்த ரெண்டு பீரியடுக்கு நடுவுல இன்டர்வெல் பெல் விழாம மட்டும் பாத்துக்கணும்.