ஓடி ஓடி நிற்கும் புல்வெட்டி: ஸ்பிரே அடிப்பதா, கழற்றிக் கழுவுவதா, புதிதாக மாற்றுவதா?

கயிற்றை இழுத்ததும் இன்ஜின் கிளம்புகிறது. ஐந்தாறு நொடி ஓடிவிட்டு, மூச்சு முட்டியதுபோல் அடங்கிப்போகிறது. திரும்ப இழுத்தாலும் அதே கதைதான். புல் வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தடைபடுவதே பெரும்பாலும் காரணம். தீர்வாக மூன்று வழிகளைச் சொல்வார்கள்: கழற்றாமலேயே கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிப்பது, கழற்றிச் சுத்தம் செய்வது, புதிய கார்புரேட்டர் மாட்டுவது. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டாவதுக்கே என் ஓட்டு.

அதற்கு முன்னால், இயந்திரம் எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். சில நொடிகளில் நின்றால் கார்புரேட்டர் பக்கம் போகலாம். பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் பெட்ரோல் டேங்க் மூடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த மூடியில் காற்று உள்ளே போக ஒரு நுண்துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். நின்ற கையோடு மூடியைத் தளர்த்தி மறுபடி இழுத்துப் பாருங்கள். உடனே கிளம்பி ஓடினால் குற்றவாளி மூடிதான். அப்படியும் கிளம்பாமல், நன்றாக ஆறிய பிறகே கிளம்பினால் பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் செயலிழப்பதாக இருக்கலாம். நின்றவுடன் பிளக்கில் பொறி வருகிறதா என்று சோதித்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டு கோளாறுக்கும் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் முதலிலேயே வெளியேற்றிவிடுங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல் நேராகப் புதிய கார்புரேட்டரை மாட்டினேன். ஒரே வாரத்தில் பழைய தொல்லை திரும்பி வந்தது. டேங்கிலிருந்ததைக் கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார்த்தபோது, அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். 30 நாளுக்கு மேல் இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைப்பதானால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்க்கும்படி இன்ஜின் நிறுவனங்கள் சொல்வது வீண் எச்சரிக்கை அல்ல.

இனி மூன்று வழிகளுக்கு வருவோம். ஸ்பிரேயின் பலம் அதன் எளிமை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் அடித்தால் முடிந்தது. ஆனால் அடைப்பு பெரும்பாலும் இருப்பது வாயில் அல்ல. கீழே, பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குள் நிற்கும் மெயின் ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளையில். அங்கே ஸ்பிரே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இதில் ஒரு ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது: அந்த ஸ்பிரேயே எரியக்கூடியது. அடித்த சில நொடிகளுக்கு இன்ஜின் அதைக் குடித்தே ஓடும். கோளாறு தீர்ந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். ஆகவே சிகிச்சையாக அது பலவீனம். சோதனையாக மிக நல்லது: ஓரிரு நொடி அடித்துவிட்டு, புட்டியைத் தள்ளி வைத்த பிறகு கயிற்றை இழுங்கள். ஓடி நின்றால், பொறி சரியாக இருக்கிறது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை என்று பொருள்.

கழற்றிச் சுத்தம் செய்வது என்றதும் பலர் தயங்குகிறார்கள். முழு கார்புரேட்டரையும் இறக்க வேண்டும் என்ற நினைப்புதான் காரணம். பல இயந்திரங்களில் அடிக் கிண்ணத்தை மட்டும் கழற்றினால் போதும். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிளக்கின் வயரை உருவிவிட வேண்டும், வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். இயந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால் ஏர் ஃபில்டர் மேல்பக்கமாக இருக்கட்டும். இல்லையேல் அதில் எண்ணெய் இறங்கி, இன்ஜின் நிற்பதற்கு அதுவே இன்னொரு காரணமாகிவிடும்.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்கள் சிலவற்றில் அந்த போல்ட்டிலேயே ஜெட் துளை இருக்கிறது. அதை வெறும் போல்ட்டாக நினைத்துத் துடைத்து வைத்துவிட்டு, வேறெங்கோ ஜெட்டைத் தேடுபவர்கள் உண்டு. பல ஹோண்டா இன்ஜின்களில் நடுக்குழாய்க்குள் பித்தளை ஜெட் திருகப்பட்டிருக்கும். பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பித்தளை எளிதில் சிதைந்துவிடும். துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி முழுமையாகத் தெரிய வேண்டும். அடைப்பை நீக்க மின்வயரிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்று போதும். எஃகு ஊசியோ துளைப்பான் முனையோ துளையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் கரும்புகை கக்கும். ரப்பர் பாகங்களில் கிளீனர் படவிடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும்.

புதிய கார்புரேட்டரின் கவர்ச்சி, சந்தேகமின்றி முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் மாட்டுகிற வேலை குறைவில்லை: இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் ஸ்பிரிங், இணைப்புக் கம்பிகள், கேஸ்கெட்டுகள் எல்லாவற்றையும் பிரித்துச் சரியான துளையில், சரியான வரிசையில் பூட்ட வேண்டும். பிரிக்கும் முன் படம் எடுக்காவிட்டால் தவிப்புதான். மலிவான மாற்றுத் தயாரிப்புகளில் ஜெட் அளவே வேறாக இருக்கலாம். உள்ளே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி படிந்திருந்தாலோ, உள்ளே போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலோ மட்டுமே இந்த வழிக்கு நான் போவேன்.

இந்த ஒப்பீட்டுக்குள் அடங்காதவையும் உண்டு. டேங்கின் மேலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் பழைய மாதிரிகளில் கிண்ணமே கிடையாது. பெட்ரோலை மேலே இழுத்துத் தரும் டயஃப்ரம் தாள் விறைத்துப்போயிருந்தால் அதை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். இன்ஜின் நிற்காமல், வேகம் ஏறி ஏறி இறங்கினால், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டும் அடைத்திருக்கலாம். அதற்குக் கிண்ணத்தை மட்டும் கழுவினால் போதாது.

கிண்ணத்தைத் திரும்பப் பூட்டியதும் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்து கசிவு பாருங்கள். சொட்டினால் வட்ட ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி மூடவில்லை. சொட்டவில்லை என்றால் பிளக் வயரை மாட்டிக் கயிற்றை இழுக்கலாம்.