பெரிய எம், சின்ன எம்: அலகு மாற்றும் செயலியோடு படும் பாடு

பேராதனையில் இரசாயனப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டிருந்தான். "அண்ணே, நீங்க பாவிக்கிற அலகு மாத்துற செயலி பாதி விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. பெயரை அவனிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், இங்கே வேண்டாம்.

நீளம், நிறை, வெப்பநிலையை எந்தச் செயலியும் மாற்றும். இதை நான் காசு கொடுத்து எடுத்தது மூலர் பாய்ச்சல் வீதத்துக்காக மட்டும்தான், அதாவது ஒரு பொருள் குறித்த நேரத்தில் எத்தனை மூல் (இரசாயனத்தில் பொருளின் அளவை எண்ணும் அலகு) ஓடுகிறது என்பதற்காக. அந்த வேலையில் கெட்டிக்காரச் செயலிதான். மணித்தியாலத்துக்குக் கிலோமூல், செக்கனுக்கு மூல், நாளுக்கு மெகாமூல் (பத்து இலட்சம் மூல்), எல்லாம் உண்டு. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பவுண்ட்-மூலையும் 453.59 மூல் என்று சரியாகவே எடுக்கிறது. நாளுக்கு 1000 தொன் அமோனியா செய்யும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலர்த்திணிவால், அதாவது ஒரு மூல் அமோனியாவின் நிறையான 17.03 கிராமால் வகுத்தால் நாளுக்கு 58.7 மெகாமூல். அதைப் போட்ட உடனே மணித்தியாலத்துக்கு 2447 கிலோமூல், செக்கனுக்கு 680 மூல் என்று ஒரே திரையில் வரிசையாக வந்து நிற்கும். இன்டர்நெட்டும் தேவையில்லை. ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் சிக்னல் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

அந்தத் தேடல் பெட்டி! மில்லிமூலுக்கு (மூலில் ஆயிரத்தில் ஒன்று) சின்ன எம், மெகாமூலுக்குப் பெரிய எம். இரண்டுக்கும் இடையில் நூறு கோடி மடங்கு. போனின் கீபோர்டோ முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். சரி, அது போனின் குணம், விடுவோம். ஆனால் இந்தச் செயலி தேடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்ப்பதே இல்லை. இரண்டையும் கொண்டுவந்து போடும், அதிலும் மெகாவை மேலே போடும். முழுப் பெயரும் காட்டாது, குறியீடு மட்டும், அதுவும் எறும்பு சைஸில். பெரிய பீயான பெட்டாவும் சின்ன பீயான பிக்கோவும் இதே கதைதான், அங்கே வித்தியாசம் 10இன் 27ஆம் அடுக்கு.

வார இறுதி வகுப்பில் ஒரு பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ஆய்வுகூட மேசையில் நிற்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள் செக்கனுக்கு 5 மில்லிமூல் தண்ணீர் போகிறது. செக்கனுக்கு இரண்டு சொட்டுக்குக் கிட்ட, அவ்வளவுதான். செயலி மெகாமூலை எடுத்துக்கொண்டது. 18 கனமீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு மெகாமூல், ஆகவே 5 மெகாமூல் என்றால் செக்கனுக்கு 90 கனமீற்றர். தலவாக்கலையில் அணையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அங்கே உள்ள 'மேல் கொத்மலை' நீர்மின் நிலையத்தை வைத்தே அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அந்த நிலையம் 150 மெகாவாற்றையும் முழுதாகக் கொடுக்கும்போது ஓடுவதே செக்கனுக்குச் சுமார் 36 கனமீற்றர், அதாவது 2 மெகாமூல். அதைப்போல இரண்டரை மடங்கு தண்ணீரை அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டிருக்கிறது செயலி. "சேர், குழாய் உடைஞ்சிருக்கும்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தவர்களுக்கு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் ஐகனின் நிறம் மாறியிருந்தது.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பட்டியலின் உச்சியில் செக்கனுக்கு எக்சாமூல் (10இன் 18ஆம் அடுக்கு மூல்) என்று ஓர் அலகு இருக்கிறது. முதலில் பார்த்தபோது, எந்த ஆலைக்காக இதை வைத்தார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. ஆலையில் செக்கனுக்குக் கிலோமூல் என்பதே பெரிய ஓட்டம். அப்புறம் ஒரு நாள் பிள்ளைகளோடு விளையாட்டாகப் போட்டுப் பார்த்தோம். அமேசன் நதி கடலில் கொட்டுவது செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கனமீற்றர், அது 11 ஜிகாமூல்தான் (ஒரு ஜிகா நூறு கோடி). எக்சாவுக்குக் கிட்டவும் வராது. செக்கனுக்கு ஒரு எக்சாமூல் வீதம் இறைத்தால் உலகத்துக் கடல் முழுவதும் 22 மணித்தியாலத்துக்குள் வற்றிவிடும்! ஒரு நாள்கூடத் தாங்காது. 10இன் 18ஆம் அடுக்கு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி வராத பயம் அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் யாராவது அடுக்கை விட்டால் "கடல் வத்திப்போச்சு சேர்" என்று அடுத்தவன் கத்துகிறான். அந்த ஓர் அலகுக்காகவே நான் கொடுத்த முழு விலையும் தகும்.

ஆனாலும் தம்பி, எடுக்காதே. பாதி விலைக்கும் வேண்டாம். நேற்றும் ஒரு மில்லியை மெகாவாக்கி வைத்தது, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இன்று காலையும் அதைத்தான் திறந்தேன் என்பது வேறு கதை. மணித்தியாலக் கிலோமூலைச் செக்கன் மூலாக்க 3.6 ஆல் வகுத்தால் போதும். ஆயிரம் ஆயிரமாகத் தாவ உன் கல்குலேட்டரில் ஈ.என்.ஜி பொத்தான் இருக்கிறது. இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், முதலில் கீபோர்ட் செட்டிங்கில் போய் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குவதை நிறுத்து, அப்புறம் காசைக் கட்டு.