நாலு கேன்வாஸ், பாதி போன ஒரு தொட்டில்

புதுச்சேரியில் எங்கள் ஸ்டூடியோவின் முன்னறைச் சுவருக்கு வெள்ளை அடித்ததும், பழைய கல்யாண ஃபோட்டோக்களை இறக்கிவிட்டு வேறு ஏதாவது மாட்டலாம் என்று தோன்றியது. ஆன்லைனில் தேடியபோது பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன் வரைந்த நாலு ஓவியங்களை கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி ஒரு செட்டாக விற்கும் கடை கண்ணில் பட்டது. ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குலம், நாலும் சேர்த்து ₹3,200. கடையின் பெயர் வேண்டாம், பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் அருமை. மூலைக்கு மூலை அட்டை வைத்து, நடுவே தெர்மோகோல் கொடுத்திருந்தார்கள். சட்டம் காய்ந்த மரம்தான், வளையவில்லை. கேன்வாஸ் முரசு மாதிரி இறுக்கமாக இருந்தது. சரி, இந்த விலைக்குப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு அவர் தன்னையே வரைந்த படம் முதலில் வந்தது. அதைப் பார்த்ததும் வயிறெரிந்தது. அவருக்கு முந்தைய நூற்றாண்டு ஓவியர் ரூபென்ஸ் வரைந்த ஒரு தொப்பிக்காரப் பெண்ணின் படத்தை 1782இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப்பில் பார்த்துவிட்டு வந்து வரைந்தது இது. அந்தப் படத்தில் இரண்டு வெளிச்சம் இருந்ததுதான் அவரை மயக்கியிருக்கிறது. கழுத்திலும் மார்பிலும் நேர் வெயில், தொப்பி விளிம்புக்குக் கீழே முகத்தில் சிதறி வரும் மெல்லிய வெளிச்சம். மதிய வெயிலில் குடை பிடித்து ஆள் நிறுத்திப் படம் எடுத்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரியும். எனக்கு வந்த பிரிண்டில் அந்த நிழல் அப்படியே அடைத்துக் கறுப்பாகிவிட்டது. போதாததற்கு மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை ஏறி, கன்னம் வெந்த இறால் நிறத்தில் இருக்கிறது. அவருடைய படங்களில் தோல்தான் விஷயமே. அது போனால் என்ன மிச்சம்?

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். "ராணி மேரி அன்டோனெட்டின் தோழி, புகழ்பெற்ற ஓவியர்" என்று இரண்டு வரி, அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்குக் கொஞ்சம் கோபம்தான், ஏனென்றால் நானும் அப்பாவிடம் தொழில் கற்றவன். நெகட்டிவ்வில் பென்சில் முனையால் டச்சிங் செய்வதையும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சில் கலர் தொட்டு வைப்பதையும் எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர். எலிசபெத்தின் அப்பா லூயி விஜே பாரிஸில் பாஸ்டல் சுண்ணத்தில் முகம் வரைகிறவர். சின்ன வயதில் மகள் தாடிக்காரர் ஒருவரை வரைந்து காட்டியபோது, நீ ஓவியராகத்தான் ஆவாய் என்று சந்தோஷத்தில் குதித்திருக்கிறார். 1767இல் மீன்முள் விழுங்கி, அதனால் வந்த கோளாறில் இறந்துபோனார். அப்போது அவளுக்கு 12 வயது. அம்மா ஒரு நகை வியாபாரியை மறுமணம் செய்துகொண்டார். அந்த மனிதர் அவள் வரைந்து சம்பாதித்ததை வாங்கிக்கொண்டதோடு, செத்துப்போன அப்பாவின் சட்டைகளை அளவு கூட மாற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தாராம். பல வருடம் கழித்து எலிசபெத் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்தச் சட்டையை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். கல்யாணம் கட்டிய லெ ப்ரனும் ஓவிய வியாபாரிதான், அவரும் இவருடைய வருமானத்தை வாங்கி வைத்துக்கொண்டவர். தம்பி எத்தியென் நாடகம் எழுதினார். தாளில் இதற்கெல்லாம் இடம் தாராளமாக இருந்தது.

ரோஜாப்பூ பிடித்த ராணி இருக்கிறதே, அது நன்றாக வந்திருக்கிறது. நீலச் சாம்பல் பட்டின் பளபளப்பு அப்படியே தெரிகிறது. 1783 பாரிஸ் கண்காட்சியில் முதலில் பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட்டை மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்து வைத்தார், உள்ளாடையோடு ராணியை நிற்க வைத்துவிட்டாள் என்று ஊர் கூச்சல் போட்டது. அதை எடுத்துவிட்டு, பட்டு கட்டி வரைந்ததுதான் இது. இந்த ஒன்றுக்கு முழு மார்க் தருகிறேன்.

அடுத்ததுதான் பெரிய குற்றம். 1787இல் வரைந்த, ராணியும் பிள்ளைகளும் இருக்கும் பெரிய படம். அதன் வலது ஓரத்தில் ஒரு தொட்டில் இருக்கிறது. மூத்த பையன் அதன் துணியை விலக்கிக் காட்டுகிறான், உள்ளே யாரும் இல்லை. அந்த ஜூன் மாதம் இறந்துபோன கைக்குழந்தை சோஃபியின் தொட்டில் அது. மூலப்படம் 12க்கு 18 அளவுக்கு ஒத்துவராது, அகலம் அதிகம். இடது பக்கம் அம்மா மேல் சாய்ந்து நிற்கும் மகளை விடக்கூடாது என்று, வலது பக்கமாகவே வெட்டியிருக்கிறார்கள். தொட்டிலில் பாதி போய்விட்டது. பையன் எதைக் காட்டுகிறான் என்றே புரியாது. மேலும் கீழும் வெள்ளை விட்டு முழுப்படமும் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பாஸ்போர்ட் படம் வெட்டும் பையன் கூட இப்படிச் செய்யமாட்டான்.

மகள் ஜூலியை அணைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து பல் தெரியச் சிரிக்கும் படமும் செட்டில் உண்டு. அன்றைக்குப் பாரிஸில் பல் தெரிய வரைவதா என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "வாயை மூடுங்க" என்றுதான் சொல்வார். மூலத்தில் பல் ஒரு கீற்றுதான். இங்கே ஷார்ப்பனிங் அதிகமாகப் போட்டு, பற்பசை விளம்பரம் மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

செட்டில் இல்லாத ஒரு படத்துக்காகவும் எனக்கு ஆதங்கம். திப்பு சுல்தான் அனுப்பிய தூதர்கள் மூன்று பேர் 1787இல் எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் பிரான்ஸுக்குக் கப்பலேறினார்கள். அதில் முகமது தர்வேஷ் கானைக் கையில் வாளோடு ஆளுயரத்துக்கு மேலே வரைந்தார் இவர். பிரான்ஸ் ராஜா சொன்னால்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்த கான், முடிந்ததும் இதற்கு இன்னும் உயிர் வேண்டும் என்று படத்தைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார். தந்திரம் செய்துதான் திரும்ப வாங்கியிருக்கிறார். 2019இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது. அதையும் சேர்த்திருந்தால் ஐந்தாவதுக்கு நான் தனியாகப் பணம் கொடுத்திருப்பேன்.

கடைக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். தொப்பிப் படத்துக்கு மாற்று அனுப்புகிறோம் என்றார்கள், பதினோரு நாளில் வந்தது. மெஜந்தா குறைந்திருக்கிறது, நிழல் இன்னும் அடைத்தபடிதான். தொட்டிலுக்கு, சைஸ் அப்படித்தான் சார் என்று பதில். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். வாங்குவதாக இருந்தால் ரோஜா ராணியை மட்டும் தனியாகக் கேளுங்கள், ₹900க்குத் தருகிறார்கள். தொட்டில் படத்தை நானே மேட் பேப்பரில் முழுசாகப் போட்டுக் கொண்டிருக்கிறேன், சட்டத்துக்கு ஆள் சொல்லியிருக்கிறது.