எயார்பேக் லைட்டுக்கு இரண்டு லட்சம் கேட்டார்கள்

டாஷ்போர்டில் எயார்பேக் லைட் எரிந்தால் எங்கள் ஊரான மட்டக்களப்பில் கிடைக்கும் ஆலோசனை இரண்டே வகை. ஒன்று, "கார் ஓடுதுதானே, விட்டுட்டு ஓடுங்க." மற்றது, "மொடியூல் போயிட்டுது, மாத்தணும்." முதலாவதுக்குச் செலவில்லை. மொடியூல் என்பது எயார்பேக்கை இயக்கும் கணினிப் பெட்டி; அந்த இரண்டாவதுக்கு எனக்குத் தரப்பட்ட மதிப்பீடு இரண்டு லட்சம் ரூபாவைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைசியில் வேலை முடிந்தது அதில் கால்வாசிக்கும் குறைந்த காசில். திருத்தி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. நடுவில் ஒருமுறை லைட் மறுபடி எரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கார், ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த சின்ன ஹைபிரிட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை அரசு தனியார் கார்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் "வித்துட்டு வேற எடுங்க" என்று சொன்னவர்கள் கார் விலை தெரியாதவர்கள். 2022இல் ரூபா விழுந்தபிறகு உதிரிப்பாக விலையும் கை வைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. ஆகவே இருக்கிற காரைத் திருத்தித்தான் ஓடவேண்டும்; எதைத் திருத்துவது என்று தெரிந்தால் போதும்.

லைட் எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஹோர்ன் சேட்டை விடத் தொடங்கியிருந்தது. ஸ்டியரிங் நேராக இருந்தால் அடிக்கும், ஒரு பக்கம் வெட்டினால் ஊமை. ஸ்டியரிங்கில் இருக்கும் சத்தம் கூட்டுகிற பட்டனும் அப்படித்தான். அப்புறம் ஒருநாள் கல்லடிப் பாலம் ஏறும்போது சிவப்பு லைட் வந்தது, அணையவேயில்லை.

கொழும்பில் வேறு வேலையாகப் போனபோது ஒரு பெரிய சேவை நிலையத்தில் காட்டினேன். மினுமினுப்பான இடம், ஏசி அறை, தேநீர். வந்த தாளில் "எஸ்ஆர்எஸ் மொடியூல், ஸ்பைரல் கேபிள், புரோகிராமிங், கூலி" என்று வரிசையாக விலை. எஸ்ஆர்எஸ் என்பது எயார்பேக் அமைப்பின் பெயர். என்ன கோட் (கார் தன் பழுதைப் பதிந்துவைக்கும் இலக்கம்) வந்தது என்று கேட்டேன். "செட்டாகத்தான் மாத்துவோம் சேர், அதுதான் நல்லது" என்றார் மேசையில் இருந்த தம்பி. கோட் மட்டும் அந்தத் தாளில் இல்லை. என் கோபம் விலையில் அல்ல, அந்த ஒரு வரி இல்லாததில். கோட் இல்லாத மதிப்பீடு, இரத்தம் சோதிக்காமல் எழுதிய மருந்துச் சீட்டு.

ஊருக்கு வந்து காத்தான்குடியில் வாகன வயறிங் வேலை செய்யும் ஒருவரிடம் போனேன். சின்னத் தகரக் கொட்டில், ஆனால் கோட் வாசிக்க நல்ல ஸ்கேனர். அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; காக்கா முதலில் ஸ்கேனரைத் தொடவேயில்லை. பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் 12 வோல்ட் பற்றரியை அளந்தார். பற்றரி இறங்கினாலும் இந்த லைட் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பற்றரி நல்லது. பிறகு ஸ்டியரிங்கை இடமும் வலமும் வெட்டி ஹோர்னை அமத்திப் பார்த்தார்.

"தம்பி, ஹோர்ன் எப்ப இருந்து இப்பிடி?"

"லைட் வர முதலே, காக்கா."

"அப்ப மொடியூலை மறந்திடுங்க."

அதற்குப் பிறகுதான் ஸ்கேனரைச் செருகினார். சாரதி பக்க எயார்பேக் சுற்று துண்டிக்கப்பட்டிருக்கிறது என்ற கோட் வந்தது. அழித்தார், லைட் அணைந்தது. ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினார், லைட் வந்தது. இதைவிடத் தெளிவான பரிசோதனை எனக்குத் தெரியாது. ஸ்கேன் பண்ண வாங்கியது சில ஆயிரம் ரூபா. இந்த முழு வேலையிலும் பெறுமதியான காசு அதுதான்.

இணையத்தில் மலிவாக விற்கும் புளூடூத் ரீடர் என்னிடமும் இருந்தது. அது இதற்கு உதவாது. அந்த வகை ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோட்களை மட்டுமே வாசிக்கும். எயார்பேக் மொடியூலோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். கராஜில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே, "உங்கட ஸ்கேனர் எஸ்ஆர்எஸ் வாசிக்குமா?"

பழுதான சாமானின் பெயர் ஸ்பைரல் கேபிள். குளொக் ஸ்பிரிங் என்றும் சொல்வார்கள். ஸ்டியரிங் சுற்றும், அதன் பின்னால் உள்ள தண்டின் உறை சுற்றாது. சுற்றுகிற எயார்பேக்குக்கும் ஹோர்னுக்கும் சுற்றாத பக்கத்திலிருந்து மின்சாரம் அறாமல் போகவேண்டும். அதற்காக ஒரு பிளாஸ்டிக் வட்டப் பெட்டிக்குள் மெல்லிய நாடா வயர் சுருண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் வெட்டினால் இறுகும், மறுபக்கம் வெட்டினால் தளரும். வருஷக்கணக்காக இறுகித் தளர்ந்த நாடா ஒரு இடத்தில் மடிந்து முறிகிறது. புளியந்தீவின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் காரைத் திருப்பி, கடை வாசலில் முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தி ஓடுகிறவர்கள் ஸ்டியரிங்கை முழு வெட்டு வெட்டுவது, நெடுந்தூரம் நேராக ஓடுகிறவர்களைவிட எவ்வளவோ அதிகம்.

சாமான் தேடுவதுதான் இழுபறி. மட்டக்களப்பில் இல்லை, கல்முனையிலும் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போன் போட்டால் மூன்று விதம் சொன்னார்கள்: ஜப்பானில் உடைத்த காரிலிருந்து கழற்றியது, பெட்டியில் வரும் சீனத் தயாரிப்பு, கம்பனி அசல். கழற்றியதை வாங்கவில்லை. அந்த நாடா எத்தனை ஆயிரம் முறை சுருண்டது என்று விற்பவருக்கும் தெரியாது. சீனத்து மலிவுச் சாமானில் ஹோர்ன் அடிக்கும், பட்டன் வேலை செய்யும். ஆனால் இது எயார்பேக்கை வெடிக்கவைக்கும் வயர். அசலையே ஓடர் பண்ணினேன். பழையதைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த பார்ட் நம்பரையும் கனெக்டரில் உள்ள ஊசிகளின் (பின்) எண்ணிக்கையையும் படம் எடுத்து அனுப்பியபிறகுதான் கடைக்காரரும் உறுதி சொன்னார். ஒரே மொடல் காரிலேயே குரூஸ் கன்ட்ரோல் உள்ளதற்கும் இல்லாததற்கும் கேபிள் வேறு. ராத்திரி பஸ்ஸில் பார்சலாக வந்து, விடிய பஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்தேன்.

பொருத்திய அன்று பக்கத்திலேயே நின்றேன். காக்கா முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பிளேன்ரீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சோம்பல் அல்ல. பற்றரியைக் கழற்றினாலும் எயார்பேக்கை வெடிக்கவைக்கப் போதிய மின்சாரம் மொடியூலுக்குள் இருக்கும் கப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். டொயோட்டா கையேடுகள் குறைந்தது 90 செக்கன் பொறுக்கச் சொல்கின்றன; ஹொண்டா 3 நிமிஷம். தேநீர் குடித்து முடிக்க அந்த நேரம் தாண்டிவிடும். பிறகு ஸ்டியரிங்கின் பக்கவாட்டிலிருந்து விடுவித்து எயார்பேக்கை மெல்ல வெளியே எடுத்து, மஞ்சள் கனெக்டரைக் கழற்றினார். எயார்பேக் வயர்களும் கனெக்டர்களும் மஞ்சளாக இருப்பது, கண்டவர் கை வைக்காமல் இருக்கத்தான். எடுத்ததை மூடி மேலே பார்க்கும்படி தூரத்து மேசையில் வைத்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பேரனை விரட்டினார். கவிழ்த்து வைத்தால், ஏதாவது நடந்து அது வெடிக்கும்போது முழுச் சாமானும் மேலே பாயும்.

ஒரு விஷயம் குறிப்பாக: மல்டிமீட்டரை எயார்பேக்கில் நேரே வைத்து அளக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கவைக்கலாம். "நான் அளந்து பார்க்கிறன்" என்று மீட்டரோடு வரும் மெக்கானிக்கிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கை இழுக்கும்போது நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் சில புரிகளில் விட்டுவைத்தார். திடீரென்று விடுபட்டால் முகத்தில் அடிபடாது. தண்டிலும் சக்கரத்திலும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். புதுக் கேபிளை நடுநிலையில் வைத்துத்தான் பூட்டவேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகச் சுருண்ட நிலையில் பூட்டினால் முதல் முழு வெட்டிலேயே நாடா அறும், போட்ட காசு போச்சு. பழைய பெட்டியைத் திறந்தபோது நாடாவில் ஒரு மடிப்பு, அதன் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு முறிவு. அவ்வளவுதான். அதற்குத்தான் இரண்டு லட்சம்.

மொத்தச் செலவு, ஸ்கேன், கேபிள், பஸ் பார்சல், கூலி எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கு உள்ளே. மொடியூலைத் தொடவேயில்லை, அதே மொடியூல்தான் இன்றும் காரில் இருக்கிறது.

சரி, இரண்டாவது முறைக்கு வருகிறேன். 2024 நவம்பர் கடைசி மழையில் கிழக்கு மாகாணமே வெள்ளத்தில் நின்றது. எங்கள் வளவுக்குள்ளும் தண்ணீர் வந்து, கார்ப்பெட் வரை ஈரம். காரைக் காயவைத்து ஓடினேன். சில மாதம் கழித்து லைட் விட்டு விட்டு எரியத் தொடங்கியது. குறிப்பாக முன்சீட்டை முன்னே பின்னே தள்ளினால். இந்தமுறை ஹோர்ன் சரியாக அடித்தது, ஆகவே ஸ்பைரல் கேபிள் இல்லை என்று போகும்போதே தெரியும். கோட்டும் இடப்பக்க சீட்டைத்தான் காட்டியது. சீட்டுக்கு அடியில் பக்க எயார்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர். பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருந்தால் செம்பு எதுவும் தப்பாது, வெள்ளம் அதை வேகமாக்கியது. துப்புரவாக்கி, பின்களை இறுக்கி, வயரைச் சீட்டு நகரும்போது இழுபடாதபடி கட்டிவிட்டார். கூலி சொற்பம். அதிலிருந்து சீட்டுக்கு அடியில் தண்ணீர்ப் போத்தல், மீன் பை, குடை எதையும் தள்ளுவதில்லை. லெதர் சீட் கவர் தைக்க நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பக்க எயார்பேக் சீட்டின் ஓரத்தைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும், அந்த ஓரத்தை மூடித் தைத்தால் அது வர வழியில்லை.

பலர் கேட்பது, எயார்பேக் தயாரித்த ஜப்பானியக் கம்பனியான தகாட்டாவின் விவகாரம். அது வேறு கதை. தகாட்டாவின் இன்ஃபிளேட்டர்களில் (எயார்பேக்கை ஊதவைக்கும் பாகம்) இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரப்பதமும் வருஷக்கணக்கில் பட்டால் கெட்டு, வெடிக்கும்போது உலோக உறையையே சிதறடிக்கும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான எயார்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன, 2017 ஜூனில் அந்தக் கம்பனி வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. இதில் கவனிக்க வேண்டியது, அப்படிக் கெட்டுப்போன இன்ஃபிளேட்டருக்கு லைட் எரியாது. மின்சுற்று நன்றாகத்தானே இருக்கிறது. ஆகவே லைட் எரியாத காரென்றாலும், எங்கள் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஜப்பானியக் கம்பனிகளின் தளங்களில் அந்த வசதி உண்டு.

இன்னொரு "மலிவு வைத்தியம்" எனக்கும் சொல்லப்பட்டது: எயார்பேக்கின் இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைக் கோர்த்துவிட்டால் மொடியூல் ஏமாந்து லைட்டை அணைக்கும். சில நூறு ரூபா வேலை. லைட் மட்டும்தான் அணையும். மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து எதுவும் வராது. எரிகிற லைட்டோடு ஓடுவதே இதைவிட நேர்மை. சீட் பெல்ட்டையாவது ஒழுங்காகப் போடுவோம்.

லைட்டை மறைக்கிற தில்லுமுல்லு பழைய கார் சந்தையிலும் இருக்கிறது. கார் பார்க்கப் போனால் சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள். புஷ் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தரம் அமத்துங்கள். எயார்பேக் லைட் எரிந்து, ஆறேழு செக்கனில் தானாக அணைய வேண்டும். எரியவேயில்லை என்றால் பல்பையே கழற்றியிருக்கலாம். அணையாமல் நின்று, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பற்றரி லைட்டோடு சேர்ந்து அணைந்தால் இரண்டையும் வயரால் கோர்த்திருக்கிறார்கள். போன மாதம் அக்கரைப்பற்றில் நண்பனுக்குக் கார் பார்க்கப் போனபோது இந்த இரண்டாவது வகையைக் கண்ணால் கண்டோம். விற்றவர் உடனே ஒரு லட்சம் குறைக்கச் சம்மதித்தார். நண்பன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மற்றக் காரைப் பாப்பம்" என்றான்.