லேப்டாப் ஸ்லோன்னு கடைக்கு தூக்கிட்டு போறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

கோயம்புத்தூர்ல நடந்தது. கடை பேர் போடல, ஆனா இதே மாதிரி வேற யாருக்கும் நடக்கக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

வீட்டம்மா ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஆன்லைன்ல மேத்ஸ் டியூஷன் எடுக்குறாங்க. 2019ல வாங்குன லேப்டாப், 8 ஜிபி ராம், பழைய மாடல் ஹார்ட்டிஸ்க். ஆன் ஆகறதுக்கே ஆறேழு நிமிஷம் ஆச்சு, அஞ்சரை மணி கிளாஸுக்கு அஞ்சே காலுக்கே பட்டன அமுக்கிட்டு காபி போட போயிருவாங்க. சரின்னு காந்திபுரம் பக்கம் ஒரு சர்வீஸ் கடைல குடுத்தேன். அவர் ஆன் பண்ணிகூட பாக்கல, "வைரஸ் ஏறியிருக்குங்ணா, இப்படியே ஓட்டுனா போர்டு போயிரும்"னார். போர்டுன்னா உள்ள இருக்கற மெயின் மதர்போர்டு, கேட்டதும் பயந்துட்டேன். 4,200 ரூபாய் சொன்னார், குடுத்துட்டேன். பில் கேட்டா வாட்ஸப்ல அனுப்பறேன்னார்.

ஒரு வாரம் பரவால்லாம ஓடுச்சு, அப்புறம் முன்னவிட மோசம், போதாக்குறைக்கு கிளாஸ் நடுவுல மூலைல ஒரு சிவப்பு பொட்டி வந்து 1,847 பிழை இருக்கு பணம் கட்டுங்கன்னு நிக்கும், அத மூடறதுக்குள்ள புள்ளைங்க மிஸ் மிஸ்னு கத்த ஆரம்பிச்சுரும்.

பொங்கலுக்கு அக்கா பையன் வந்திருந்தான், டிப்ளமோ ரெண்டாவது வருஷம். கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனான், டாஸ்க் மேனேஜர் வந்துச்சு, அதுல ஸ்டார்ட்டப்னு ஒரு பக்கம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே கூடவே கெளம்புற ப்ரோக்ராம் எல்லாம் அங்க வரிசையா இருக்கு. "மாமா, பதினாலு ஓடுதுங்க, இதெல்லாம் யாரு போட்டது?"ன்னான். பிரிண்டர் அப்டேட்டர் ஒண்ணு, அந்த பிரிண்டர வித்தே மூணு வருஷம் ஆச்சு. வீடியோ கால் ஆப் ரெண்டு, பாட்டு ஆப் ஒண்ணு. கடைக்காரர் போட்ட ஸ்பீடு பூஸ்டரும் அதுலதான் இருந்துச்சு, அதுக்கு நேரா 'ஹை'னு போட்டிருக்கு. ஆன் ஆகும்போது ஒரு செகண்டுக்கு மேல பிராசஸர இழுத்தாலோ 3 எம்பிக்கு மேல டிஸ்க்க படிச்சு எழுதுனாலோ விண்டோஸ் அப்படி காட்டுமாம். வேகமாக்கறேன்னு காசு வாங்கிட்டு போட்டதே இழுத்துப் பிடிச்சுட்டு இருந்திருக்கு.

ரைட் கிளிக், டிசேபிள், அவ்ளோதான். டிசேபிள் பண்ணா ப்ரோக்ராம் அழியாது, நாம திறக்கும்போது மட்டும் ஓடும். பூஸ்டர மட்டும் அன்இன்ஸ்டாலே பண்ணிட்டான். விண்டோஸ் செக்யூரிட்டி, சவுண்டு, டச்பேட் சம்பந்தப்பட்டத தொடவே இல்ல, என்னன்னு தெரியாத பேர் இருந்தா தேடிப் பாத்துட்டுதான் கை வெக்கணும்னான். ஒன்டிரைவ்ல ஃபைல் வெக்கறவங்க அத விட்டுருங்க, இல்லன்னா தானா பேக்கப் ஏறாது.

இனிதான் எனக்கு வயிறு கலங்குன விஷயம். ஸ்டார்ட்டப்ல வராம சர்வீசஸ்குள்ள, அதாவது திரைல தெரியாம பின்னாடி ஓடற ப்ரோக்ராம்களோட, ஒளிஞ்சு ஓடறதும் இருக்குமாம். விண்டோஸ் கீயும் ஆர்-ம் அமுக்கி எம்எஸ்கான்ஃபிக் (msconfig) அடிச்சான், சர்வீசஸ் போய் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் எல்லாத்தையும் மறைக்கற டிக் போட்டான், மிச்சம் கொஞ்சம்தான் நின்னுச்சு. அதுல ஒண்ணு ரிமோட் சாஃப்ட்வேர். வெளிய இருந்து நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வர்றதுக்கு, யாரும் ஓகே குடுக்க வேண்டாங்கற மாதிரி பாஸ்வேர்டு செட் பண்ணி வெச்சிருக்கு. நாங்க போடல. அந்த லேப்டாப்லதான் பேங்க் திறக்கறோம், பொண்ணோட ஆதார் ஸ்கேன் கிடக்குது. அன்னிக்கே அந்த ரிமோட் சாஃப்ட்வேர அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போன்ல இருந்து எல்லா பாஸ்வேர்டும் மாத்துனோம்.

ரீஸ்டார்ட் பண்ணி டைமர் வெச்சு பாத்தோம், ரெண்டே கால் நிமிஷம். அதுக்கு மேல ஸ்டார்ட்டப்னால ஆகாதுங்க, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் அப்பப்போ 100 சதவீதம் தொடுது, ஹார்ட்டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி (SSD, சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டாதான் சரியாகும். கடைக்காரர் இதச் சொல்லி காசு வாங்கியிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன்.

திரும்ப போய் கேட்டேன். "எல்லாருக்கும் போடறதுதாங்ணா, சர்வீஸுக்கு ஈஸி"ன்னார், ஆயிரம் ரூபாய் நீட்டுனார். நான் வாங்கல, பில்லுதான் கேட்டேன். இன்னும் வரல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், ஜிபேல கட்டுனதோட ஸ்கிரீன்ஷாட்டும் அந்த ரிமோட் சாஃப்ட்வேர் ஓடுன ஃபோட்டோவும் கைல இருக்கு. இந்த மாதிரி கடைல லேப்டாப் குடுத்தவங்க இருந்தா இன்னிக்கே சர்வீசஸ திறந்து பாருங்க.