ஸப்ஃபிக்கா, ஸப்கேப்ஷனா?

ஒரு கருத்தரங்கக் கட்டுரையை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமாகச் சேர்த்து ஓட்டியதும், ஆவணத்தை அச்சுக்கு அமைத்துத் தரும் லேடெக் மென்பொருள் நின்றுவிட்டது. ஸப்ஃபிக் இருக்கும் இடத்தில், கட்டுரையில் இருந்த ஸப்கேப்ஷன் வேலை செய்யாதாம். ஒரே படத்துக்குள் அ, ஆ என்று சிறு படங்களை அடுக்கித் தரும் இரண்டு பேக்கேஜ்கள், அதாவது லேடெக்குக்கான துணை நிரல்கள், இவை. ஒரே உறையில் இரண்டு கத்தி. ஸப்ஃபிக்கை நான் அழைத்ததாகவே நினைவில்லை. ஓட்டும்போது லேடெக் எழுதிவைக்கும் லாக் கோப்பில் தேடினால், துறையில் கொடுத்த டெம்ப்ளேட் அதைச் சத்தமில்லாமல் ஏற்றியிருந்தது. மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முதல் இரண்டு அத்தியாயங்களில் நான் போட்ட ஸப்ஃப்ளோட் கட்டளை அதனுடையதுதான்.

படம் அடுக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸப்கேப்ஷனின் ஸப்ஃபிகர் சூழலுக்கு அகலம் சொல்ல வேண்டும். பாதிப் பாதி அகலம் கொடுத்துவிட்டு, நடுவே வரி முடிவில் சதவீதக் குறியை மறந்தால், வரி முடிவு ஓர் இடைவெளியாகி இரண்டாவது படம் கீழே போய்விடும். எல்லாரும் ஒரு தடவை மாட்டுகிற இடம்.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புதான். ஆவணத்தின் முதல் வரியாக லிஸ்ட்ஃபைல்ஸ் கட்டளையை வைத்து ஓட்டுங்கள். ஏற்றப்பட்ட கோப்புகளெல்லாம் தேதியோடு லாக்கின் கடைசியில் வரிசையாக வரும். ஸப்ஃபிக்குக்கு நேரே 2005/06/28 என்று இருந்தது. ஸப்கேப்ஷனோ படத் தலைப்புகளை அமைக்கும் கேப்ஷன் தொகுப்பிலேயே ஒரு பகுதி, ஆக்செல் சொமர்ஃபெல்ட் இரண்டையும் சேர்த்தே கவனித்துவருகிறார். வேடிக்கை என்னவென்றால், ஸப்ஃபிக்கும் வழக்கமாக அதே கேப்ஷனைத்தான் ஏற்றிக்கொள்கிறது. அடியில் இருப்பது புதிதாகிக்கொண்டே வர, மேலே இருப்பது 2005இலேயே நிற்கிறது. இன்றைக்கும் ஓடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

டெம்ப்ளேட்டில் ஸப்ஃபிக்கை ஏற்றும் அந்த ஒரு வரியை முடக்கிவிட்டு, பழைய ஸப்ஃப்ளோட்களை ஸப்கேப்ஷன்பாக்ஸ் ஆக்கினேன். பெயரை மாற்றி, தலைப்பைச் சுற்றியுள்ள சதுர அடைப்பை நெளிவு அடைப்பாக்கினால் போதும். படத்தைச் சுட்டுவதற்கான லேபிள் தலைப்புக்குள்ளேயே இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.

மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் கட்டுரை என்றால் மட்டும் இந்தப் பேச்சு செல்லாது. அதன் கட்டுரை வடிவமைப்பான ஐஇஇஇட்ரான் வகுப்புக்கென்று தனித் தலைப்புப் பாணி உண்டு. கேப்ஷன் ஏறினால் அது கலைந்துவிடும். அதனால்தான் அதன் கையேடு, கேப்ஷனை விலக்கும் விருப்பத்தேர்வோடு ஸப்ஃபிக்கைப் போடச் சொல்கிறது. அந்த வகுப்பில் நான் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. கையேடு சொன்னபடியே ஸப்ஃபிக்கைப் போட்டு அனுப்பிவிட்டேன்.